ஒன்றுக்கு முப்பத்தைந்து

சேற்றில் தண்ணீர் கூடிவிட்டது. இடதுபக்க இரும்புச் செயினின் இடுக்குகளில் நிற்காமல் வழிந்து சில்லுகளின் மேல் கோடுகோடாக இறங்கியது. சேறு இப்படி இறங்காது. சேறு என்றால் அப்பிக்கொண்டு கிடக்க வேண்டும், காய்ந்தால் ஓரங்களில் வெடிக்க வேண்டும், இழுத்து வந்த புல்லோ தடியோ ஒன்று அதில் சிக்கியிருக்க வேண்டும். நிரூபன் தூரிகையைக் கடதாசித் துண்டில் ஒற்றிவிட்டுச் சாந்துத் தூளில் இன்னொரு சிட்டிகை போட்டுக் குழைத்தான். மணி எட்டுப் பத்து. ஒன்பதரைக்கு அம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு முள்ளியவளையில் பொழுதுபட்டு, அம்மா சாப்பிட்டு, காலைக் கழுவித் துணி சுற்றிக்கொண்டு, போனை மடியில் வைத்துக் காத்திருப்பார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். போன சனிக்கிழமையும் இப்படித்தான் நினைத்தான், அதற்கு முந்திய சனிக்கிழமையும். ஸ்கார்பரோ வீட்டின் இந்த பேஸ்மென்ட்டுக்கு ஒரேயொரு யன்னல், அதுவும் கூரையோடு ஒட்டினாற்போல். இரவு கொட்டிய பனி அதை முக்கால்வாசி மூடியிருந்தது. மிச்சக் கால்வாசியால் வந்த வெளிச்சம் மேசையில் இருந்த யுத்தத் தாங்கியின் மேல் விழுந்தது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத தாங்கி. உண்மையான தாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கியது. பெட்டியில் இருநூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகளாக வந்ததை மூன்று மாதமாக ஒட்டி, பூசி, பிறகு பூசிய புதுசைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான். இந்த இடதுபக்கம் ஒன்றுதான் பாக்கி.

கெடுப்பதுதான் வேலையே. புதுத் தாங்கியை யாரும் பூசுவார்கள். அது போருக்குப் போய்வந்த மாதிரி ஆக்குவதற்குக் கை வேண்டும். முதலில் துரு நிறம், அது காய்ந்ததும் அதன் மேல் தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரே, பிறகு ஆமிப் பச்சை, பச்சை காய்ந்தபின் ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் ஸ்பிரே கரைந்து பச்சை செதில்செதிலாகக் கழன்று அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். முதன்முதல் மனைவி தர்சிகாவின் ஸ்பிரேயைக் குளியலறையிலிருந்து எடுத்தபோது அவள், "கலியாண வீட்டுக்கு வைச்சிருந்ததை உந்தச் சனியனுக்கு அடிச்சுப்போட்டீங்களே" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கதைக்கவில்லை. இதற்கு முன் பதினொரு தாங்கிகள் செய்துவிட்டான். எல்லாம் வேறு யாருடையவோ போர்கள். பனியில் புதைந்தவை, பாலைவனத்தில் வெளுத்தவை. மாதம் ஒருமுறை நூலக மண்டபத்தில் கூடுகிற, பொம்மை வாகனம் செய்கிறவர்களின் கழகத்தில் வால்டர் என்ற கிழவர் ஒருவர், போனவருடம் அவனுடைய தாங்கி ஒன்றைத் தூக்கித் திருப்பி அடியைப் பார்த்தார். "எல்லாரும் மேலே இருந்து பார்க்கிறதைச் செய்கிறார்கள். நீ அடிவயிற்றைச் செய்திருக்கிறாய். அதை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார். புத்தகத்தில், என்றான் நிரூபன். வாய்க்குப் பொய் அவ்வளவு லேசாக வருகிறது. பதினைந்து வயதிலிருந்தே வருகிறது. இந்தப் பன்னிரண்டாவதை மட்டும் அவன் கழகத்துக்குக் கொண்டுபோகப் போவதில்லை. இது அழகுக்குச் செய்தது இல்லை, ஒரு கணக்குப் பார்க்கச் செய்தது. அந்தக் கணக்கைத்தான் மூன்று மாதமாகத் தள்ளிக்கொண்டே வருகிறான். முதலில் ஒட்டி முடிக்கட்டும் என்றான், பிறகு பூசி முடிக்கட்டும் என்றான், இப்போது சேறு முடியட்டும் என்கிறான். சேறு இறுகியிருந்தது. நல்ல சேறு. ஆனால் நிறம் சரியில்லை. அந்த இடத்து மண் வெள்ளையா சிவப்பா? கரையோரம் வெள்ளை மணல், ரோட்டில் கொட்டிய கிரவல் சிவப்பு, இரண்டும் மிதிபட்டு மிதிபட்டு ஒரு நிறமாகியிருந்தது. பால் போதாத தேத்தண்ணியின் நிறம். இரத்த ஈரம் பட்ட இடங்களில் வேறு. அந்த வேறு நிறத்தை அவன் எந்தப் போத்தலிலும் தேடவில்லை.

பதினாறு வருடத்துக்கு முன், போரின் கடைசி நாட்களில், அவர்கள் ஒளிந்திருந்த மதகுக்குள் அந்த மண்தான் இருந்தது. ரோட்டுக்குக் கீழே சீமெந்துக் குழாய், படுத்தால் இரண்டு பேர், குந்தினால் தலை முட்டும். அம்மா இரண்டு நாளுக்கு முன்னமே சனத்தோடு சனமாகத் தள்ளுப்பட்டு எங்கேயோ போய்விட்டிருந்தார். மிஞ்சியது அவனும் அண்ணையும். சாந்தரூபனுக்குப் பத்தொன்பது வயது, அரும்பு மீசை, எதற்கும் அவசரப்படாத ஆள். இரவு முழுக்க விழுந்த ஷெல் விடிய முன் நின்றது. நின்ற பிறகுதான் தாகம் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அண்ணை, தண்ணி" என்றான் நிரூபன். ஒருதரம் இல்லை, எத்தனை தரம் சொன்னான்? கடைசியில் அழுதான். பதினைந்து வயதுப் பொடியன் தண்ணீருக்கு அழுதான். "கத்தாத, எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லி மஞ்சள் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு அண்ணை மதகின் வாயால் தவழ்ந்து போனான். கிணறு தூரமில்லை. போனதும் தெரிந்தது, வந்ததும் தெரிந்தது. ரோட்டோரமாகக் குனிந்து குனிந்து வந்தான், கான் பாரத்தில் ஒரு பக்கம் சரிந்திருந்தான். ரோட்டின் நடுவில் எரிந்த லொறி ஒன்று குறுக்கே நின்றது, முழுக்கத் துரு, அப்படியொரு துருவை ஒரே இரவில் நெருப்பு பூசிவிடும். அதற்குப் பின்னால் நிலம் அதிர்ந்தது. சத்தத்துக்கு முதல் அதிர்வுதான் வந்தது, குழாயின் சீமெந்து பல்லுக்குள் நடுங்கியது. அண்ணை நின்றான். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு கணம் நின்றான். அப்போது, அப்போதுதான், நிரூபன் மதகின் வாயில் முகத்தை வைத்துக் கத்தினான். "படு அண்ணை! படு!" அண்ணை படுத்தான். சொன்ன உடனே படுத்தான். லொறியைச் சுற்றிக்கொண்டு ரோட்டை விட்டு ஓரத்தில் இறங்கியது தாங்கி. அடிவயிற்றை அவன் பார்த்தது அப்போதுதான். பிறகு அது போய்விட்டது, நிற்கவில்லை, வேகம்கூடக் குறையவில்லை, மேட்டில் ஏறினமாதிரி லேசாக ஒருமுறை. லேசாக. பேஸ்மென்ட் மேசையில், தூரிகை கையில் காய்ந்துபோயிருந்ததை அவன் இப்போது கண்டான். கழுவினான். போத்தலுக்குள் தண்ணீர் கலங்கியது. எட்டு முப்பத்தைந்து.

அம்மாவைக் கண்டது ஒரு மாதத்துக்குப் பிறகு, முகாமில், தண்ணீர் பவுசர் வண்டிக்கு நிற்கிற வரிசையில். அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அவனுடைய தோளுக்கு மேலால் பின்னால் பார்த்தார். யாரைப் பார்க்கிறார் என்று அவனுக்குத் தெரியும். "அண்ணை எங்க?" என்றார். அந்த மாதம் முழுக்க அவன் அந்தக் கேள்விக்குத்தான் மறுமொழி தேடிக்கொண்டிருந்தான், ஆனால் வாயைத் திறந்ததும் வேறொன்று வந்தது. "ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவங்கள் அம்மா." எங்கே கண்டாய் என்றார், எப்போது என்றார். நீலப் பஸ், என்றான். முன்கண்ணாடி வெடிச்சிருந்தது, என்றான். ஏன் கண்ணாடியை உடைத்தான் என்று இன்றுவரைக்கும் விளங்கவில்லை. சும்மா ஒரு நீலப் பஸ் போதாது போலிருந்தது அப்போது. மூன்று மாதம் போகட்டும், பிறகு சொல்லுவம் என்று நினைத்தான். மூன்று மாதத்தில் அம்மா ஆறு இடத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டார். பதினாறு வருடம். எந்த விசாரணை வந்தாலும், எந்த வெள்ளைக்காரர் வந்தாலும், சட்டமிட்ட படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அம்மா சொல்கிறார், "என்ர சின்னவன் கண்ணால கண்டவன். நீலப் பஸ். முன்கண்ணாடி வெடிச்சது." காணாமல் போனவர்களின் தாய்மார் போராட்டம் இருக்கிற கொட்டிலில் அம்மாவுக்கு உட்கார ஒரு கதிரை. வெயிலானாலும் மழையானாலும் போவார். அங்கே மற்றவர்களுடைய பிள்ளைகளை உண்மையாகவே பஸ்ஸில் ஏற்றியதைக் கண்ட சனம் இருக்கிறது. பெயர், திகதி, இடம் சொல்கிற சனம். அந்த உண்மைகளுக்கு நடுவில் அவனுடைய பஸ்ஸும் ஒன்றாக நிற்கிறது. இதைவிடப் பெரிய பாவம் உண்டா? ஒருமுறை யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அதில் அம்மா புதிதாக ஒன்று சொன்னார். "பஸ்ஸுக்குள்ள இருந்து கை காட்டினவனாம்." அதை அவன் சொன்னதே இல்லை. ஆனால் அன்றைக்கு இரவு அவனும் அதைக் கண்டான். வெடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை அசைந்தது. அதற்குப் பிறகு சில நாட்களில் அவனுக்கே நம்பிக்கை வந்துவிடும், பஸ் இருந்தது, தாங்கிதான் இல்லை என்று.

படியில் காலடி கேட்டது. தர்சிகா தேத்தண்ணியோடு இறங்கி வந்தாள். மேசையில் வைக்க இடம் தேடினாள், இல்லை. கையில் கொடுத்தாள்.

"விடியவே தொடங்கியாச்சோ? மேல முழுக்கத் தின்னர் மணக்குது."

"முடியப்போகுது."

"இதையும் அலுமாரியில வைக்கப் போறீங்களோ? எனக்கு இதைப் பாக்க விருப்பமில்லை, சொல்லிப்போட்டன். மற்றதுகள் வேற, இது வேற." அவள் தாங்கியைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளும் வன்னியில் பிறந்தவள்தான். "அங்க மாமியைப் பாக்கிற புனிதாக்கா மெசேஜ் போட்டவ. மாமியின்ர புண் கணுக்காலுக்கு மேல ஏறீட்டுதாம். திங்கக்கிழமைக்குள்ள வந்து படுக்காட்டில் முழங்காலோட கழட்ட வேண்டி வரும் எண்டு டொக்டர் சொன்னவராம்."

"தெரியும்."

"தெரியும் எண்டுகொண்டு இருந்தா? நீங்கள் சொன்னாத்தான் அவ கேப்பா."

"நான் சொன்னதைத்தானே இவ்வளவு நாளும் கேட்டவ."

தர்சிகா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். விளங்காதது போலவும், விளங்கப் பயப்படுவது போலவும். பிறகு மேலே போய்விட்டாள். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. போன கிழமை அவன் அம்மாவிடம் கெஞ்சித்தான் பார்த்தான். பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்தால் காலைக் காப்பாற்றலாம், செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம், புனிதாக்கா துணைக்கு நிற்பா. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னார், "ஒரு மாசம் நான் அங்க கிடந்தா வீட்டை ஆர் திறக்கிறது தம்பி? அவன் வந்து பூட்டைப் பாத்திட்டுத் திரும்பிப் போறதுக்கோ?" புண், நீரிழிவுப் புண், கொட்டிலுக்கு நடந்து நடந்து பெருத்த புண். அவனுடைய பொய்க்கு அம்மா நடந்த நடை. பொய் ஒன்று பதினாறு வருடம் உயிரோடு இருந்து ஒரு காலைத் தின்கிறது. சொன்னால் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவார். சொன்னால் அம்மா செத்தும் போவார். இரண்டில் எது என்று கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. சொல்லாமலே விட்டால்? காலும் போய், பிறகு அம்மாவும் போய், கடைசிவரைக்கும் அந்த நீலப் பஸ்ஸோடு போய்விடுவார். அதுவும் ஒரு நிம்மதிதானே, யாருக்கு நிம்மதி, அவனுக்கு. எட்டு ஐம்பத்தைந்து. கணக்கைப் பார்த்துவிடுவோம். அதைப் பார்க்காமல் வாய் திறக்காது.

நூல் ஒன்றை எடுத்தான். சாதாரணத் தையல் நூல், கறுப்பு. சாரதியின் மூடியை மூடினான். மூடினால் சாரதி வெளியே பார்ப்பதற்கு இரண்டு சின்னக் கண்ணாடித் துவாரங்கள்தான், இதில் கடுகளவு. அன்றைக்கும் மூடியிருந்தது, அது நல்ல ஞாபகம், மேலே ஒரு தலையும் தெரியவில்லை. நூலின் ஒரு நுனியைத் துவாரத்தில் பசையால் ஒட்டி, முன்தகட்டின் விளிம்பைத் தொடுகிறாற்போல் நீட்டி இழுத்தான். நூல் மேசையைத் தொட்ட இடம் தாங்கியின் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி. அந்த ஒரு சாணுக்குள் நிலத்தில் கிடக்கிற எதுவும் சாரதிக்குத் தெரியாது. சாண் என்றால் உண்மையில் எட்டு மீற்றர். லொறிக்குத் தின்னர் போத்தலை வைத்தான். போத்தலைச் சுற்றித் தாங்கி திரும்பி இறங்குகிற இடத்தை மனதில் பிடித்தான், ஒரு விரல் இந்தப்பக்கம், இல்லை, அந்தப்பக்கம், மதகின் வாய் இங்கே. பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மனிதனை எடுத்தான், ஐந்து சென்ரிமீற்றர், ஏதோ நாட்டுச் சிப்பாய், முகம் பூசாதது. அதை நிறுத்தினான். நூல் அதன் நெஞ்சில் முட்டியது. இன்னும் கிட்ட வைத்தான், நூல் கழுத்துக்கு ஏறியது, தலை மேலே நின்றது. எங்கே வைத்தாலும் நின்றால் தலை தெரிந்தது. பிறகு அதைப் படுக்க வைத்தான். நூல் அதற்கு மேலால் போனது. தொடவே இல்லை. நகர்த்தினான், தொடவில்லை. போத்தலோடு ஒட்டி வைத்தான், தொடவில்லை. லொறிக்குப் பின்னால் இருந்து வந்த தாங்கிக்கு அண்ணை ஒரு கணமும் தெரிந்திருக்க முடியாது, படுத்திருந்தபடியால். நின்றிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தால் நிறுத்தியிருப்பானா? அது யாருக்குத் தெரியும். சுட்டிருக்கலாம், பிடித்திருக்கலாம், உண்மையாகவே ஒரு பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். பதினாறு வருடமாக ஒரு முகத்தைத் தேடினான், பார்த்துக்கொண்டே ஏற்றியவனுடைய முகத்தை. அப்படி ஒருவன் அந்த இரும்புக்குள் இருக்கவில்லை. அவனுக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். படு என்று கத்திய வாய் மட்டும்தான் மிச்சம். அது இங்கே இருக்கிறது, இந்த பேஸ்மென்ட்டில், தேத்தண்ணி குடிக்கிறது. நிரூபன் நூலைத் துவாரத்திலிருந்து பிய்த்துக் குப்பை வாளியில் போட்டான். ஒன்பது இருபது. ஒன்பது இருபத்தைந்து. போனை எடுத்துத் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"சாப்பிட்டியோ தம்பி?"

"ஓம் அம்மா."

"அங்க பனியோ? சத்தம் அடைச்சுக் கிடக்கு உனக்கு."

"அம்மா, ஒரு விசயம் சொல்லோணும். நடுவில பேசாமக் கேளுங்கோ." மூச்சு எடுத்தான். "பஸ் இல்லை அம்மா."

"எந்த பஸ்?"

"அண்ணையை ஏத்தின பஸ். அப்பிடி ஒரு பஸ்ஸை நான் காணேல்ல. பொய் சொன்னனான்."

அந்தப் பக்கத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் வந்தது. அவன் சொன்னான். மதகு, தாகம், கான், லொறி, தாங்கி. சொல்லச்சொல்ல அது மிகச் சின்னதாக இருந்தது, நாலைந்து வசனத்துக்குள் முடிந்துவிட்டது. இதற்கா பதினாறு வருடம் எடுத்தது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. முடித்த பிறகும் மின்விசிறிதான் சுற்றியது. அம்மா விழுந்துவிட்டாரோ என்று பயந்து, "அம்மா" என்றான்.

"எத்தினை மணியிருக்கும்?" குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கொட்டிலில் வருகிறவர்களுக்கு விபரம் சொல்கிற அதே குரல். இப்போது கேட்கிற பக்கத்தில் இருந்தார்.

"ஆறரை இருக்கும். விடிஞ்சிட்டுது."

"என்ன உடுத்திருந்தவன்?"

"நீலக் கோடு போட்ட சாரம். சேட் இல்லை."

"கத்தினவனோ?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அதை அடக்கினான். "எஞ்சின் சத்தம் அம்மா. எனக்குக் கேக்கேல்ல."

"தண்ணி குடிச்சவனோ?"

"என்னம்மா?"

"கிணத்தடியில. அவன் தண்ணி குடிச்சவனோ, இல்லாட்டி உனக்கு எண்டு அள்ளிக்கொண்டு அப்பிடியே வந்தவனோ?"

"தெரியேல்ல அம்மா. கான் நிறைய இருந்தது."

"குடிச்சிருப்பான்" என்றார் அம்மா. "வாயை வைச்சு ரெண்டு மிடறாவது குடிச்சிருப்பான்."

"அம்மா, நான்தான் படு எண்டு கத்தினனான். நிண்டிருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இப்பதான் அளந்து பாத்தனான். படுத்தபடியாத்தான்..." கையில் இருந்த பிளாஸ்டிக் மனிதனை உள்ளங்கையில் பதிகிறமாதிரி இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ கத்தாட்டிலும் அவன் படுத்திருப்பான்" என்றார் அம்மா. "படுக்கப் பழக்கினது நான்தானே. ரெண்டு பேரையும் முத்தத்தில வைச்சு, சத்தம் கேட்டா விழோணும், விழுந்தா எழும்பக் கூடாது எண்டு அடிச்சுப் பழக்கினனான். நீ பாயில விழுறமாதிரி விழுவாய். அவன்தான் ஒழுங்காப் படுப்பான், கையை நெஞ்சுக்குக் கீழ மடிச்சு, முகத்தை மண்ணுக்குள்ள வைச்சு. அப்பிடியோ படுத்தவன்?"

"ஓம் அம்மா. அப்பிடித்தான்."

அவர் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டது கேட்டது. அழுகிறார் என்று நினைத்தான். அழவில்லை.

"கொட்டிலில இருக்கிற ஒருத்தருக்கும் இதைச் சொல்லிப்போடாத. அவை எனக்குக் கதிரை போட்டு வைச்சிருக்கிறவை. அவையின்ர பிள்ளையள் எப்பிடியோ, எங்கயோ. நான் வராட்டிச் சுகமில்லை எண்டு நினைக்கட்டும்."

"சரி அம்மா."

"புனிதாவுக்கு எடுத்துச் சொல்லு, நாளைக்கே ஓட்டோ பிடிக்கட்டும். திங்கக்கிழமை வரைக்கும் ஏன். டொக்டரிட்டயும் சொல்லு, வெட்டுறதெண்டா வெட்டட்டும். முழங்காலோடயோ எதோடயோ, அவற்ற விருப்பம். எனக்கு இனி நடந்துபோக ஓரிடமும் இல்லை."

அவன் பிளாஸ்டிக் மனிதனை மேசையில் வைத்தான். மேலே தர்சிகா குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. போனின் முகத்தில் நிமிடங்கள் ஏறிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அம்மாவும் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.